கார்த்திகைக் கவாத்து

மல்லிகைத் தோட்டம் பார்க்க யாரும் கார்த்திகையில் போவதில்லை. நான் அப்போதுதான் போனேன். திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் இறங்கிக் கண்மாய்க்கரையோடு நடந்தால் வரும் தோட்டம் அது. இரண்டு ஏக்கர். நான் பார்க்க வந்த பகுதியில் ஒரு பூ இல்லை, ஓர் இலைகூட இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள்தான் வரிசை வரிசையாக நின்றன. நாலு பேர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பூ பாக்க வந்தீங்களாக்கும்?” என்று தோட்டக்காரர் சிரித்தார். வெட்டைத்தான் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மல்லிகை புதுத்தளிரில்தான் அரும்பு கட்டும். போன வருஷக் கிளையை அப்படியே விட்டால் செடி புதராக விரியும், உள்ளே வெயில் இறங்காது, பூவும் குறையும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சம் அத்தனையையும் கழித்துவிடுகிறார்கள். காய்ந்த குச்சி, நோய் கண்ட குச்சி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஓடும் கிளை எல்லாம் போகும். மீந்த இலையைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். கார்த்திகை இரண்டாம் வாரம், அதாவது நவம்பர் கடைசி வாரம், இதற்குத் தோதான நேரம் என்று வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. அதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திச் செடியைக் கொஞ்சம் வாடவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நிறுத்தவிட்டால்தானே!

வெட்டுகிறவர்களில் மூத்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். கத்தரியைச் சாய்த்துப் பிடித்து ஒரே நறுக்காக நறுக்கினார். வெட்டு நேராக விழுந்தால் மழைத்தண்ணீர் மேலே தங்கிக் குச்சி அழுகும் என்றார். பக்கத்தில் இருந்த இளைஞன் வேகமாக வெட்டினான். ஆனால் சில குச்சிகளின் பட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது. “அந்தக் குச்சியில தளிரு பேருக்குத்தான் வரும். மொட்டு வைக்காதுண்டு எத்தன தடவ சொல்றது” என்று பெரியவர் என்னிடம் சொன்னார், அவன் காதில் விழும்படி. இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே அருமை என்பதால் கண்டிப்பு அந்த அளவோடு நின்றுவிட்டது.

கழித்த கிளைகளை அப்புறப்படுத்திய கையோடு மம்பட்டி இறங்குகிறது. செடியைச் சுற்றிக் கொத்தி, தூருக்குப் பத்து கிலோ கணக்கில் தொழு உரம் போட்டு, மண் அணைத்து, தண்ணீர் கட்டுகிறார்கள். உரத்தில் அடுத்த தவணை ஆனி, ஆடியில். நாலடிக்கு நாலடி நட்டால் ஏக்கருக்கு 2,500 செடிக்கு மேல் வரும். அத்தனை தூரிலும் குனிந்து நிமிர வேண்டும். பூத்த தோட்டத்தைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இந்த இடுப்புவலி தெரிய வழியில்லை.

இந்தச் செடிகளின் பிறந்த வீடு ராமேசுவரம் போகிற வழியில் இருக்கிற தங்கச்சிமடம். அந்தக் கடலோர மணலில் வேர்பிடித்த குச்சிகள்தான் மதுரை, திண்டுக்கல் பக்கமெல்லாம் வந்து மதுரை மல்லியாகின்றன. நட்ட இரண்டாம் வருஷத்திலிருந்து நல்ல மகசூல், பராமரித்தால் பத்துப் பதினைந்து வருஷம் வரை பூக்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழ், நீண்ட காம்பு, தூக்கலான மணம் என்று அதன் பெருமைகளைச் சொல்கிறார்கள். தோட்டக்காரரிடம் அந்தக் குறியீட்டைப் பற்றிக் கேட்டேன். “கமிஷன் கடைக்காரரு தராசத்தான் பாப்பாரு, சர்டிபிகேட்டக் கேக்க மாட்டாரு” என்றார்.

பங்குனியில் அரும்பு விட ஆரம்பித்துச் சித்திரை, வைகாசியில் தோட்டம் வெள்ளையாகிறது. அந்தப் பருவத்தில் மறுபடி போனபோது விடிய வெகுநேரம் இருந்தது. பெண்கள் நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு, சேலையை மடியாக ஏற்றிச் செருகி, வரிசைக்கு ஒருவராக நின்றார்கள். பறிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. முழுசாக நீண்டு வெளுத்து, இன்னும் வாய் திறக்காத மொட்டுதான் இன்றைய மொட்டு. சாயங்காலம்தான் அது விரியும். பச்சை ஓடியிருந்தால் நாளைக்கு. இன்று தவறவிட்டது இரவில் செடியிலேயே மலர்ந்துவிடும், அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. விளக்கு வெளிச்சத்தில் எனக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது. “கண்ணால பாத்தா ஆகாது தம்பி, வெரலு சொல்லும்” என்றார் ஓர் அக்கா. இரண்டு விரலில் மொட்டின் பருமனைத் தொட்டுப் பார்த்தே கிள்ளுகிறார். கிலோவுக்கு ஏறத்தாழ நாலாயிரம் மொட்டு நிற்கும். கூலி கிலோக் கணக்கில்தான். பூ நெருக்கமாக இருக்கிற நாளில் கை நிறையும். மார்கழியில் நாலு செடி தேடினால் ஒரு பிடி, அப்போதும் கூலி அதே கிலோக் கணக்குத்தான். விலை பத்து மடங்கு ஏறினாலும் பறிக்கிற கைக்கு அதில் பங்கு இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தோட்டக்காரரிடம் சொன்னேன். மார்கழியில் தினக்கூலி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அவர் மாற்றியது புழுவுக்கு. மொட்டுகளை நூலால் பின்னி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் துளைத்துப் போகும் மொட்டுப்புழு. அடிப்பாகத்தில் முட்டையிட்டு மொட்டை ஊதாநிறமாக்கி உதிர்க்கும் மொட்டு ஈ. வெயில் காலத்தில் இலையடியில் செம்பேன். தண்ணீர் தேங்கினால் இரும்புச்சத்து ஏறாமல் இலை வெளிறும், அதற்கு அன்னபேதி கரைத்துத் தெளிப்பார்கள். விலை சரிந்த நாளில் பறிக்காமல் விட்டால் என்ன என்று கேட்டேன். பறிகூலி மிச்சமாகும், ஆனால் விட்ட பூவில் புழு சேர்ந்து அடுத்த வாரத்து மொட்டையும் தின்றுவிடும் என்றார். ஆகவே நஷ்டத்துக்கும் பறிக்கிறார்கள்.

மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு மூட்டை போய்ச் சேரும்போது பொழுது விடிந்திருக்கும். சித்திரையில் கிலோ இருநூறு, முந்நூறு என்று இறங்குகிற அதே மல்லிகை, பொங்கலை ஒட்டி மூவாயிரத்தையும் தாண்டிப் போகிறது. பனியில் செடி உறங்குவதால் அப்போது வரத்து கொஞ்சம். கோடையில் மிஞ்சுவது செண்ட் கம்பெனிக்குப் போகும். அங்கே ஆயிரம் கிலோ பூவைப் போட்டால் வாசனை மெழுகு இரண்டு கிலோகூடத் தேறாது, அதனால் அவர்கள் தருகிற விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

ஊரே கார்த்திகையில் வெட்டுவதால் ஊரே சித்திரையில் பூக்கிறது, சந்தை படுத்துவிடுகிறது. இதை உடைக்கச் சிலர் புரட்டாசியிலேயே கவாத்து செய்கிறார்கள். தளிர் மழையில் தப்பிப் பனியையும் தாங்கினால் தை முகூர்த்தத்துக்கு மொட்டு கிடைக்கும். மழை வலுத்தால் தளிரோடு போட்ட உரமும் போகும். நம் தோட்டக்காரர் நிலத்தை இரண்டாகப் பிரித்து முக்கால் ஏக்கரைப் புரட்டாசியிலும் மிச்சத்தைக் கார்த்திகையிலும் வெட்டுகிறார். நான் முதலில் போனபோது வேலிக்கு அந்தப்பக்கம் பச்சையாக நின்றது அந்த முக்கால் ஏக்கர்தான். அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

எவ்வளவு நிலத்தை எப்போது வெட்டுவது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். வானிலை அறிக்கை என்பார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய்த் தினசரி காலண்டரைக் கொண்டுவந்தார். தை, மாசி முகூர்த்த நாள்களுக்குச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தையில் எத்தனை முகூர்த்தம், அதில் எத்தனை வளர்பிறை என்று எண்ணிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார். “அடுத்த வருசக் காலண்டரு கடைக்கு வர ஐப்பசி ஆயிருது தம்பி, எனக்குப் புரட்டாசியிலயே வேணும். மெட்ராசுல அச்சடிக்கிற ஆளு யாராச்சும் தெரியுமா?” என்று கேட்டார்.