உழுத வயலில் ஒரு மூக்கு

ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே, ஸ்வேபியன் ஆல்ப் மலையடிவாரத்தை நோக்கிப் போகப் போக நகரத்தின் சாயல் குறைந்துகொண்டே வருகிறது. சாலையின் இருபுறச் சரிவுகளிலும் ஆப்பிள், பேரி மரங்கள். அக்டோபர் மாதம் என்பதால் பழங்கள் புல்லில் உதிர்ந்து கிடந்தன. காரின் பின்பக்கக் கூண்டில் தம்பியின் நாய் ஈவா சத்தமில்லாமல் படுத்திருந்தாள். ஜெர்மன் ஷெப்பர்ட், பதினான்கு மாதம்.

"நாய் கடிக்கிறதைப் பார்க்கத்தானே போறோம்?" என்று கேட்டேன்.

"அது கடைசியிலக்கா. முதல்ல மோப்பம்" என்றான்.

ஷுட்ஸ்ஹுண்ட் என்ற ஜெர்மன் நாய் விளையாட்டைச் சொன்னால் பலருக்கும் மனதில் வருவது ஒரே காட்சிதான்: ஓடி வரும் நாய், கைக்கவசம் மாட்டிய ஆள், ஒரு பாய்ச்சல். கோம்பை நாய்கள் திரியும் தேனிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கும் அந்தப் பாய்ச்சலைப் பார்க்கும் ஆசை இருந்தது. ஆனால் தம்பி வண்டியை நிறுத்தியது ஆளே இல்லாத ஓர் உழுத வயலின் ஓரத்தில். வயல்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தான். யாருடைய நிலத்திலும் கேட்காமல் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே முதல் பாடம்.

ஈவாவைக் கூண்டிலேயே விட்டுவிட்டு அவன் மட்டும் வயலில் இறங்கினான். ஒரு குச்சியை நட்டு, அதன் பக்கத்தில் மண்ணை நன்றாக மிதித்துவிட்டு, சின்னச் சின்ன அடியாக நேர்கோட்டில் நடந்தான். ஒவ்வொரு குதிகால் பள்ளத்திலும் நகக்கண் அளவு தொத்திறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டான். பயிற்சி முன்னேற முன்னேற இந்தத் துண்டுகள் குறையும். ஐந்து அடிக்கு ஒன்று, பத்து அடிக்கு ஒன்று, பிறகு எதுவுமே இல்லாத வெறும் தடம். தூரத்து மரம் ஒன்றைக் குறி வைத்துப் போய், செங்குத்தாகத் திரும்பி, இன்னும் கொஞ்சம் நடந்து, உள்ளங்கை நீளத் தோல் துண்டு ஒன்றைக் கீழே வைத்தான். பிறகு சுற்றி வந்து வண்டியில் சாய்ந்துகொண்டான். தடம் ஆற வேண்டுமாம். மிதிபட்ட மண்ணும் நசுங்கிய வேரும் தனி வாசனை விடும். மனித வாசனையோடு அதையும் சேர்த்துத்தான் நாய் பிடிக்கிறது.

ஷுட்ஸ்ஹுண்டின் இன்றைய பெயர் ஐ.ஜி.பி. அதன் முதல் நிலைத் தேர்வில் தடம் முந்நூறு காலடி, இரண்டு திருப்பம், இரண்டு பொருள். நாயின் சொந்தக்காரரே நடந்து போட்டு இருபது நிமிடம் ஆனது. மூன்றாம் நிலையில் அதுவே வேறொருவர் போட்ட அறுநூறு காலடி, நான்கு திருப்பம், மூன்று பொருள், ஒரு மணி நேரப் பழசு. நாய் முன்னே போகும். பத்து மீட்டர் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி மனிதர் பின்னே போவார். அவர் வழிகாட்டக் கூடாது. தடம் எங்கே என்று தெரிந்தது நாய்க்கு. நம்ப வேண்டியது மனிதர்.

"ஸூக்" என்றான் தம்பி. தேடு என்று அர்த்தம். ஈவாவின் தலை மண்ணுக்கு இறங்கியது. நான் பக்கவாட்டில், தள்ளி நின்று பார்த்தேன். மூக்கு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் போய் வந்தது. ஓடவில்லை, ஓடத் துடிக்கவும் இல்லை. மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திருப்பத்தில் ஓர் அடி நேராகப் போனவள் நின்றாள், மூக்கை இடது பக்கம் கொண்டுபோனாள், மறுபடி வலது பக்கம் கொண்டுவந்தாள், பிடித்துவிட்டாள். கயிறு மெல்ல இறுகியது. தோல் துண்டு வந்ததும் அப்படியே படுத்தாள், துண்டு இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் இருக்கும்படி. தம்பி போய் அதை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினான். தேர்வில் நடுவருக்கு அப்படிக் காட்ட வேண்டும் என்பதால், யாரும் இல்லாத வயலிலும் அதே பழக்கம்.

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. பார்க்கக் கூட்டம் கிடையாது, கைதட்டல் கிடையாது. பதற்றமுள்ள நாயால் முந்நூறு காலடி நிதானமாக நடக்க முடியாது. பொறுமையில்லாத மனிதராலும் முடியாது.

அடுத்து நாங்கள் போன பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே, கால்பந்துத் திடலையும் தாண்டி இருந்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கத்துக்கு, எஸ்.வி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், நாடு முழுக்க இப்படி ஏராளமான ஊர்க் கிளைகள் உண்டு. வேலி போட்ட புல்வெளி, ஒரு தாண்டுதடை, கூரை வடிவத்தில் ஒரு ஏறுபலகை, இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு மறைப்புகள், ஓரத்தில் சின்ன மரவீடு. சம்பளத்துக்கு யாரும் இல்லை. புல் வெட்டுவதும் சமைப்பதும் தடம் போடுவதும் உறுப்பினர்கள்தான். அன்று மதியச் சாப்பாடு கெட்டியான பயறுக் குழம்பும் கையால் தேய்த்துச் செய்த மாவுத் துண்டுகளும். ஸ்வேபியர்களின் வீட்டுச் சாப்பாடு அது. காடி ஊற்றிச் சாப்பிட்டபோது எனக்கு வாய்க்குப் பிடித்திருந்தது.

இந்தச் சங்கம் 1899இல் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் தொடங்கியது. அங்கே நடந்த நாய்க் கண்காட்சி ஒன்றில் குதிரைப்படை அதிகாரி மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் ஒரு நாயைப் பார்த்தார், வாங்கினார், ஹோரண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயர் மாற்றினார். சங்கத்தின் பதிவேட்டில் முதல் நாய் அதுதான். ஆலைகளும் நகரங்களும் பெருகி ஆட்டு மந்தைகள் குறைந்துகொண்டிருந்த காலம். மேய்ச்சல் வேலை போய்விட்டால் இந்த நாய்க்கு என்ன மிஞ்சும், வெறும் அழகா என்ற கேள்வி அவருக்கு இருந்தது. காவல்துறைப் பணி ஒரு விடை. வேலைத் தேர்வு இன்னொரு விடை. எந்த நாய் குட்டி போடலாம் என்று முடிவு செய்ய, அதன் மூக்கையும் மனத்திடத்தையும் கட்டுப்பாட்டையும் நடுவர் முன்னால் சோதித்துப் பார்ப்பது. அந்தத் தேர்வின் பெயர் பல தடவை மாறி 2019 முதல் ஐ.ஜி.பி. ஆகிவிட்டது. ஆனால் சங்கத்தின் முழு இனப்பெருக்கத் தகுதிக்கு இன்றும் இந்தப் பட்டமோ மந்தை மேய்ப்புப் பட்டமோ வேண்டும். இடுப்பு எலும்பு எக்ஸ்ரே தனி. சைக்கிளோடு இருபது கிலோமீட்டர் ஓடும் தாங்குதிறன் தேர்வும் தனி.

நம் ஊரில் குட்டி வாங்கும்போது தாயின் நிறம், தகப்பனின் உயரம், சான்றிதழ்த் தாள் எல்லாம் கேட்கிறோம். வெடிச் சத்தத்துக்கு இந்தத் தாய் எப்படி நிற்கும், அந்நியர் கூட்டத்துக்குள் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இங்கே கீழ்ப்படிதல் பகுதியில் நாய் வேலை செய்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கும். ஒரு நாய் மைதானத்தில் வேலை செய்ய, இன்னொன்று ஓரத்தில் தனியாகப் படுத்திருக்க வேண்டும். அதன் எஜமானர் தள்ளி நிற்பார். அது எழுந்து வந்தால் புள்ளி போய்விடும். மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என மூன்று பகுதிகளுக்கும் தலா 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 70. ஒன்றில் குறைந்தாலும் பட்டம் இல்லை.

மதியத்துக்கு மேல் நான் பார்க்க வந்தது நடந்தது. அனுபவம் முதிர்ந்த ஆண் நாய் ஒன்று ஆறு மறைப்புகளையும் சுற்றி ஓடியது. கடைசி மறைப்பில் ஹெல்ஃபர், அதாவது கைக்கவசம் மாட்டிய உதவியாளர், அசையாமல் நின்றார். நாயும் அவருக்கு முன்னால் நெருங்கி நின்று குரைத்தது, அடிவயிற்றிலிருந்து. தொடவில்லை. அசையாமல் நிற்கிற மனிதரைத் தொடக் கூடாது என்பது விதி. அவர் தப்பி ஓட முயன்றதும் சணல் உறை போட்ட கைக்கவசத்தைக் கவ்விப் பிடித்தது. அவர் போராட்டத்தை நிறுத்தினார். "அவுஸ்!" ஒரே சொல். அவ்வளவு வேகத்தில் இருந்த தாடை திறந்தது. நாய் ஹெல்ஃபரின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தது.

கடித்ததைவிட விட்டதுதான் என்னை உலுக்கியது. பக்கத்தில் நின்ற மூத்த பயிற்சியாளர் அம்மா, நடுவர் அனுமதிக்கும் கூடுதல் கட்டளைகளுக்குப் பிறகும் விடாத நாய் தகுதி இழந்துவிடும் என்றார். எவ்வளவு அழகாகக் கவ்வினாலும் சரி, அத்தோடு முடிந்தது.

வலி கொடுத்துச் சொல்லிக்கொடுப்பது இந்த விளையாட்டின் பழைய களங்கம். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. முள் பட்டையை மாட்டி இழுத்த காலம் இருந்தது. 2022 ஜனவரி முதல் ஜெர்மனியில் பயிற்சியில் முள் பட்டைக்குத் தடை. மின்னதிர்ச்சிப் பட்டைக்கு அதற்கும் முன்பே நீதிமன்றம் தடை சொல்லிவிட்டது. இவை இல்லாமல் பயிற்சி முடியாது என்று முணுமுணுத்தவர்களும் உண்டாம். அன்று நான் பார்த்த நாய்கள் வாலை உயர்த்திக்கொண்டு, பந்துக்காகக் கண்ணைச் சிமிட்டாமல் எஜமானரையே பார்த்து நடந்தன. சட்டம் செய்தது சரிதான்.

புதிதாக ஒருவர் தொடங்க என்ன வேண்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "நாய் வாங்குறதுக்கு முன்னாடி வாங்க" என்றார். தம்பி தமிழில் சொன்னான். வெறுங்கையோடு வந்து சில வாரம் வேலியோரம் நின்று பார்க்க வேண்டும். ஹெல்ஃபர் யார், அவர் குட்டிகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனிக்க வேண்டும். குட்டிகளுக்கு ஹெல்ஃபர் எதிரி இல்லை, விளையாட்டுத் தோழன். சணல் துணியை ஆட்டிக்கொண்டு அவர் விலகி ஓடுவார், குட்டி துரத்திக் கவ்வும், துணி குட்டிக்கே கிடைக்கும். ஜெயித்த குட்டி அதை வாயில் தூக்கிக்கொண்டு வட்டமடிக்கும். பயமுறுத்திக் கடிக்கவைக்கும் ஆள் இருக்கிற கிளைக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்றார். வீட்டிலிருந்து வெகுதூரம் என்றாலும் வேண்டாம். வாரத்தில் பல நாள், வருடக்கணக்கில் வர வேண்டிய இடம் இது.

நாய் வந்த பிறகு முதல் படி பி.எச். என்ற துணைநாய்த் தேர்வு. இது இல்லாமல் ஐ.ஜி.பி. எழுத முடியாது. நாய்க்குப் பதினைந்து மாதம் நிறைந்திருக்க வேண்டும். முதல்முறை வருபவர் நாய் வளர்ப்பு பற்றிய எழுத்துத் தேர்வையும் எழுதுகிறார். மைதானத்தில் கயிறோடும் கயிறில்லாமலும் நடை, உட்கார், படு, கூப்பிட்டால் வா. பிறகு தெருவுக்குப் போகிறார்கள். சைக்கிள் உரசிப் போகும், ஆட்கள் ஓடுவார்கள், கார் நிற்கும், நாயைக் கட்டிவிட்டு எஜமானர் கண்ணில் படாத இடத்துக்குப் போவார். கலப்பின நாய்களும் இதை எழுதலாம் என்று தெரிந்தபோது எனக்குக் கோம்பை நாய்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பன்றி வேட்டைக்குப் போன இனம். வேட்டை நின்றுவிட்டது. அந்தத் தைரியத்தையும் மூக்கையும் சோதித்துக் காப்பாற்ற ஒரு மைதானம் நம் பக்கத்திலும் வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஈவாவுக்கு வசந்த காலத்தில் தேர்வு. நெருக்கமாக நின்று கலையும் மனிதக் கூட்டத்துக்குள் நடக்கும்போது அவள் இன்னும் தம்பியின் காலோடு ஒட்டிக்கொள்கிறாள். அதற்குப் புது முகங்கள் தேவை. குறைந்தது நான்கு பேர்.

"அக்கா, அடுத்த ஞாயிறு நீயும் வந்து குழுவுல நில்லு. சேலை கட்டிட்டு வா, அவ சேலை பார்த்ததே இல்ல."

சரி என்றேன். உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளலாம் என்று அந்த அம்மா ஜாடையில் சொன்னார்.