படுக்கைக்கு விலையா, பிள்ளைக்கு விலையா?



மதுரையில் உம்ரா பயண ஏற்பாட்டாளர்கள் தரும் கட்டணப் பட்டியலை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஓர் அறையில் நால்வர் தங்கினால் தலைக்கு ஒரு தொகை. மூவர் என்றால் சற்று அதிகம். இருவர் என்றால் இன்னும் அதிகம். இரண்டு வயது நிறையாத கைக்குழந்தைக்கு மிகச் சிறிய தொகை. சொகுசுக் கப்பல்களிலும் இதே முறைதான். அறையின் விலை இருவர் கணக்கில் வகுக்கப்படும். தனியாக வருபவர் கூடுதலாகச் செலுத்துவார். பெற்றோருடன் அதே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குச் சலுகை கிடைக்கும். (2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அத்தகைய கப்பல் ஒன்று புறப்பட்டது. உள்ளே சூதாட்டக் கூடம் இருக்கும் பயணம் நமக்கு எதற்கு என்று நம் வீடுகளில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.)

இந்தக் கணக்கு நியாயமானதா? பிள்ளைகள் உள்ளவர், பிள்ளைகளோடு பயணம் செய்வதற்கே தமக்கு அபராதம் விதிக்கப்படுகிறது என்கிறார். பிள்ளைகள் இல்லாதவர், மற்றவர்களின் சலுகைக்குத் தாம் பணம் கட்டுவதாக எண்ணுகிறார். இரண்டு முறையீடுகளையும் நான் ஒரே வீட்டில் கேட்டவன். எனக்கும் என் மனைவிக்கும் திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன; அல்லாஹ் எங்களுக்குக் குழந்தை தரவில்லை. காஜிமார் தெருவுக்கு அருகே வசிக்கும் என் தங்கைக்கு மூன்று பிள்ளைகள்.

முதலில் இரயிலை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் குடும்பங்களை இந்தக் கேள்வி அங்கேதான் அதிகம் தொடுகிறது. 2016 ஏப்ரல் 21 வரை, ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரைக் கட்டணத்தில் முழுப் படுக்கை கிடைத்தது. அன்று முதல் விதி மாறியது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். வேண்டாமென்றால் அரைக் கட்டணத்தில் பெற்றோரின் படுக்கையிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தனிப் படுக்கை கேட்காதவரை, கட்டணமே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2023இல் வெளிவந்த விவரப்படி, இந்த மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் இரயில்வேக்கு 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் வருவாய் கிடைத்தது. அக்காலத்தில் பத்துக் கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு முழுக் கட்டணத்தில் படுக்கை எடுக்கப்பட்டது. படுக்கை இல்லாமல் அரைக் கட்டணத்தில் சென்றவர்கள் சுமார் 3.6 கோடி.

என் தங்கை இந்த விதியை அநீதி என்பாள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இரயில்வே விற்பது படுக்கையை. அதில் படுப்பவரின் உயரத்தை அன்று. எட்டு வயதுச் சிறுவன் முழுப் படுக்கையில் உறங்கினால், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் இல்லாமல் போகிறது. ஆயினும் விதியின் மறுபாதி எனக்கு விளங்குவதே இல்லை. ஐந்து வயதுக் குழந்தையையும் பதினொரு வயதுப் பையனையும் அது ஒரே கோட்டில் நிறுத்துகிறது. பதினொரு வயதுப் பையனோடு அவன் தாய் ஒரே படுக்கையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவைக் கழிப்பது எப்படி என்று விதியை எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். பத்துக் கோடிக்கும் மேல் முழுக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள் என்றால், ‘விருப்பம்’ என்று எழுதப்பட்டது பலருக்கு விருப்பமாக இருக்கவில்லை என்றே பொருள். 2022 மே மாதம் இலக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு கைக்குழந்தைக்கான சிறு படுக்கையை இணைத்துச் சோதித்தார்கள். கணக்கை விட்டுத் தாயின் முதுகு வலியை நினைத்த ஒரு முயற்சி அது. நம் மாநில அரசுப் பேருந்துகளிலும் அதே ஆண்டில்தான் இலவசப் பயணத்துக்கான வயது மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு சொல் கேட்கவேண்டியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை நடத்துநரிடம் நான்கு வயது என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா? அந்தப் பிள்ளை அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. “இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று மகனை அழைத்த தாயிடம், என்ன தரப் போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னதும், எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்ததும் அபூதாவூதில் வருகிறது. ஒரு பேரீச்சம்பழத்துக்கே அந்த எச்சரிக்கை. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் அத்தியாயத்தை நாம் வணிகர்களுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுகிறோம். பயணிக்கும் ஓர் அளவுகோல் இருக்கத்தானே செய்கிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் உம்ரா சென்றோம். இருவர் தங்கும் அறைக்கான தொகையைச் செலுத்தியிருந்தோம். மக்காவில் இறங்கியதும் ஏற்பாட்டாளரின் ஆள் வந்தார். “பாய், ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருக்கிறது. நீங்கள் ஆண்கள் அறையிலும், அவர்கள் பெண்கள் அறையிலும் இருந்துகொள்ளுங்கள். உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதக் குழந்தை அது. நானாக இருந்தாலும் மறுத்திருக்கமாட்டேன்.

மறுநாள் தவாஃப் முடித்துத் திரும்பும் வழியில் அந்தக் குழந்தையின் தாய் என் மனைவியிடம் வந்து, “அக்கா, இரண்டு பேர் அறைக்கு நாங்கள் பணம் கட்டியிருந்தோம். ஆனால் அறைக் கதவில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதே, ஏன்?” என்று கேட்டார். அப்போதுதான் செய்தி வெளியே வந்தது. ஓர் அறை, இரண்டு கட்டணம். எங்கள் வித்தியாசத் தொகையைத் திரும்பக் கேட்டதற்கு, புனிதப் பயணத்தில் பணக் கணக்குப் பார்க்கலாமா என்று பதில் வந்தது. இன்றுவரை அந்தத் தொகை வரவில்லை.

தம் தேவையைவிடப் பிறர் தேவையை முற்படுத்துவதை அல்லாஹ் புகழ்கிறான். மதீனாவின் அன்சாரிகளைப் பற்றிய வசனம் அது. ஆனால் அதைக் கொடுப்பவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். என் பொருளை நான் ஈந்தால் அது ஈகை. விற்றவரே அதைத் திரும்ப எடுத்து மற்றொருவருக்கு விற்றுவிட்டு என் ஈகையைப் பாராட்டினால், அதற்குச் சந்தையில் வேறு பெயர் உண்டு. விலை ஏறியபோது அதை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ தாம் பதில் சொல்லவேண்டிய நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பது அவர்கள் தந்த காரணம். எனவே இருவர் அறைக்குக் கூடுதல் விலை வைப்பதை நான் குறைசொல்லவில்லை. அறை அறைதான்; நால்வர் பகிரும் வாடகையை இருவர் பகிர்ந்தால் பங்கு கூடத்தான் செய்யும். சொன்ன அறையைத் தரவேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட ஆழமாகத் தைத்தது “பிள்ளையா குட்டியா” என்ற சொல். தான் நாடியோருக்குப் பெண்மக்களையும் ஆண்மக்களையும் அளித்து, தான் நாடியோரை மலடாகவும் ஆக்குவதாக அஷ்ஷூரா அத்தியாயத்தில் இறைவன் கூறுகிறான். நான்கு நிலைகளும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அதில் ஒரு நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தேவைகளே இராது, உறக்கம் வேண்டியதில்லை, முழங்கால் வலிக்காது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கீழ்ப் படுக்கையை முன்பே பதிவு செய்து வரும் என் மனைவியிடம், அவளுக்கு மூட்டுவலி என்று அறியாமல், “நீங்கள் மேலே போங்களேன்” என்பவர்கள் பலர். கேட்பதில் தவறில்லை. மறுத்தால் வரும் அந்தப் பார்வைதான்.

நாங்கள் பிள்ளைகளின் ஓசையை வெறுப்பவர்கள் என்ற எண்ணமும் அப்படித்தான். இண்டிகோ விமான நிறுவனம் 2016இல் சில வரிசைகளை அமைதிப் பகுதியாக்கி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இருக்கை இல்லை என்று அறிவித்தது. திருச்சிக்கு வரும் ஸ்கூட் விமானங்களின் நிறுவனமும் 2013இலேயே அத்தகைய பகுதியைக் கொண்டுவந்தது. நோயாளியோ, இரவுப் பணி முடித்து வருபவரோ அமைதியை விலைக்கு வாங்கினால் அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அத்தகைய வரிசையில் என் மனைவி உட்காரமாட்டாள். முன் இருக்கையின் தோள்மேல் தலை நீட்டிச் சிரிக்கும் குழந்தை அவளுக்குப் பயணத்தின் பாதி இன்பம். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிய நபியின் உம்மத் நாம். ரவ்ஹா என்னுமிடத்தில் ஒரு பெண் தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி இவனுக்கும் ஹஜ் உண்டா என்று வினவியபோது, உண்டு, உமக்கும் கூலி உண்டு என்று விடை தந்தவர்கள் அவர்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் தங்கையின் குடும்பத்தோடு சென்னை செல்ல இருக்கிறோம். என் மைத்துனரும் நானும் அமர்ந்து கணக்குப் போட்டோம். பத்து வயதும் ஏழு வயதும் ஆன பிள்ளைகளுக்கு முழுக் கட்டணத்தில் படுக்கை. நான்கு வயதுச் சின்னவளுக்குச் சீட்டே தேவையில்லை. தன் பெயர் பட்டியலில் இல்லை என்று அவள் அழத் தொடங்கினாள். அவளுக்கும் ஒரு படுக்கை எடுத்துவிடுங்கள், நான் தருகிறேன் என்றாள் என் மனைவி. வீண் செலவு என்று தங்கை தடுத்தாள். இன்னும் பதிவு செய்யவில்லை, இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.