ஓரத்தில் இரண்டு கையெழுத்து

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலையைத் தனி ஆளாக நெய்வது கடினம். மறுகரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்பாவின் தறியில் அம்மா உட்கார்ந்தார், பிறகு நான். கூலிப் புத்தகத்தில் எப்போதும் அப்பா பெயர்தான்.

அவர் இறந்தபின் பீரோவில் என் தத்துப் பத்திரம் கிடைத்தது. என்னைப் பெற்றவர் சித்தி. முப்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை. சித்தி வந்தால் எழுந்து போனேன்.

கோபம் தணிந்தபின் பத்திரத்தை மறுபடி படித்தேன். கொடுத்தவர் சித்தப்பா, எடுத்துக்கொண்டவர் அப்பா. பெற்றவளும் வளர்த்தவளும் ஓரத்தில் 'சம்மதம்' என்று கையெழுத்திட்டிருந்தார்கள். 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தில், கணவன் இருக்கையில் மனைவி பொதுவாகத் தன் பெயரில் பிள்ளையைக் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. 2010இல்தான் அது திருத்தப்பட்டது.

"உங்களைக் கேட்டாங்களா, சித்தி?"

"கையெழுத்து கேட்டாங்க."

அம்மாவிடம், "ஏம்மா மறைச்சே?" என்றேன்.

"நீயும் எழுந்து போயிடுவேன்னு பயந்தேன்."

அவரை மன்னித்துவிட்டேனா, தெரியாது. இப்போது தறி என்னுடையது. மறுகரை அம்மா தள்ளுகிறார். கூலியைப் பாதியாகப் பிரித்து, அவர் பெயரையும் எழுதி வைக்கிறேன்.