என்ன ஜோலிங் தம்பி?

பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் போய்க் கொண்டிருந்தது. பஜ்ஜி சூடாக இருந்தது. மாப்பிள்ளையின் (அதாவது, என்னுடைய!) வெள்ளைச் சட்டையில் சட்னி சிந்தவில்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

“ஏனுங் தம்பி... நீங்க என்ன ஜோலி பார்க்கறீங்?”

எங்கள் கொங்குப் பக்கத்தில் முப்பதைத் தாண்டிய கல்யாணமாகாத பையன்கள் ஊருக்கு ஒரு கிரிக்கெட் டீம் தேறும். அம்பயரையும் சேர்த்து! அதனால் பதிலை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துத்தான் போயிருந்தேன்.

“பி.காமுங். பனியன் கம்பெனி ஜாப் ஒர்க் யூனிட்டுங்களுக்குக் கணக்கு எழுதறேனுங். பத்திரிகையில கட்டுரை எழுதறேனுங். அப்புறம்... வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்களுக்கு கவர்மென்ட் உதவி கிடைக்க மனு எழுதிக் குடுக்கறேனுங்.”

“எல்லாம் எழுதற ஜோலியாவே இருக்குதே...” என்று இழுத்தார் அவர். பக்கத்தில் இருந்த பெண்ணின் மாமா மட்டும் உற்சாகமாகி, “ஓ, சோசியல் ஒர்க்கருங்களா! எந்தக் கட்சிங்?” என்றார்.

இரண்டு நாள் கழித்து புரோக்கர் போன் செய்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். நான் ஜாதகமே கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் ஊர் சேவூர். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. வாலீஸ்வரர் கோயிலும் கடலைக்காய் ஏலமும் எங்கள் ஊரின் இரண்டு பெருமைகள். விடிந்தால் கம்பெனி வேன்கள் வந்து இளவட்டங்களை அள்ளிக் கொண்டு திருப்பூர் பக்கம் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவர்கள் திரும்பும்போது ராத்திரி. நடுவில் ஊரில் இருப்பது பெரிசுகளும், கோழிகளும், கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அடியேனும்தான்.

“படிச்ச பையன் பகல்ல வூட்டுல இருக்கறான்” என்ற சேதி போதாதா? முதலில் பேங்க்கிலிருந்து வந்த கடுதாசியைப் படித்துச் சொல்லச் சொல்லி ஒருவர் வந்தார். அடுத்து, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வருங்கால வைப்பு நிதி பென்ஷன் வாங்குகிறவர். (2014 செப்டம்பரில் இதற்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்.) வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். “எதிர்ல நின்னு பேசிட்டிருக்கறேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். இப்போது செல்போன் காமிராவில் முகத்தைக் காட்டியே அந்தச் சான்றைக் கொடுக்க முடிகிறது. காட்டச் சொன்னேன். சிரித்தபடி போஸ் கொடுத்தார். “கண்ணை மட்டும் சிமிட்டுங்க, போதும்” என்றேன்.

இப்படிப் போய்க் கொண்டிருந்தபோதுதான் அந்த ஆத்தா வந்தது.

வயசு எழுபத்திரண்டு. புருஷன் இல்லை. விதைக்கடலை உரித்துக் கொடுப்பது பிழைப்பு. மெஷினில் உரித்தால் பருப்பு உடைந்துவிடும், முளைக்காது என்று விதைக்கு மட்டும் இன்னமும் கையால் உரிக்கச் சொல்வார்கள். “கண்ணு, முதியோர் பணத்துக்கு ஒரு மனு எழுதிக் குடு சாமி” என்று ஒரு மஞ்சள் பையை நீட்டியது. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, ஒரு போட்டோ, அதோடு எனக்குக் கூலியாக ஒரு படி கடலைக்காய்!

இந்த முதியோர் பணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டில் இதை 1962-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தார்கள். டெல்லி சர்க்கார் 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய அளவில் ஒரு திட்டம் கொண்டு வந்தது. இங்கே 2011-ல் 1,000 ரூபாயாகி, 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? பங்கு பிரித்துப் பார்த்தேன். எண்பது வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய சர்க்காரின் பங்கு 200 ரூபாய், மீதி மாநிலத்துடையது. 1,200-ஐ முப்பதால் வகுத்தால் நாளைக்கு 40 ரூபாய். நமக்கு பேக்கரியில் ஒரு வேளை டீயும் பப்ஸும். ஆத்தாவுக்கு அது ஒரு நாள்.

மனுவை இலக்கிய நயத்தோடு எழுதினேன். ‘தள்ளாத வயது’, ‘நாதியற்ற நிலை’ என்றெல்லாம் போட்டேன். இ-சேவை மையத்தில் பதிவு செய்தாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். நல்ல மனுஷர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முறைப்படி கேட்டார்: “ஏம்மா, பையன் இருக்கறாருங்களா? பார்த்துக்கறாரா?”

ஆத்தா நிமிர்ந்து உட்கார்ந்தது. “என்ற பையன் திருப்பூர்ல கட்டிங் மாஸ்டருங்க. ராசாவாட்டம் என்னைப் பார்த்துக்கறானுங்!”

முடிந்தது கதை! திட்டமே ஆதரவற்றவர்களுக்கு. ராசாவாட்டம் பார்த்துக் கொள்ளப்படுகிறவர்களுக்கு அல்ல. மனு தள்ளுபடி.

எனக்கு வந்த கோபத்தில், “ஏன் ஆத்தா பொய் சொன்னே?” என்று கத்திவிட்டேன். ஆத்தா கடலைக்காயை உரித்துக் கொண்டே, “பின்ன? பெத்தவளே ஊராம்பட்டவங்க கிட்டப் போயி என்ற பையன் சோறு போடறதில்லைன்னு சொல்லுவாளா? அவனுக்கு மருவாதை இருக்குதில்ல?” என்றது.

அந்த மகன் வில்லனும் இல்லை. பார்த்துப் பேசினேன். வாடகை வீடு, ஏலச்சீட்டு, இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். ஆர்டர் இல்லாத வாரம் சனிக்கிழமைச் சம்பளமும் பாதி. அம்மா பேச்சை எடுத்ததும் தலையைக் குனிந்து கொண்டு கத்தரிக் கோலையே பார்த்துக் கொண்டிருந்தார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-ல் ஒன்று வந்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால், பிள்ளை மாதா மாதம் பணம் தர உத்தரவிடுவார்கள். வக்கீல்கூட வேண்டியதில்லை. இதை ஆத்தாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு குரு கிடைத்தார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு பெண். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். ஸ்கூட்டரில் எங்கள் ஊர்ப் பக்கம் வருவார். (உடனே நிமிர்ந்து உட்காராதீர்கள். கல்யாணமானவர், இரண்டு குழந்தைகள்.) என் மனுவின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஸார், கதை நல்லா இருக்கு. மனுவாத்தான் இல்லை. கஷ்டப்படறாங்கன்னு எழுதாதீங்க. அவங்க கிட்ட, கஷ்டமா இருக்குதான்னு கேட்கவும் கேட்காதீங்க. எங்க போய்க் கேட்டாலும், இல்லைன்னுதான் பதில் வரும். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. அரிசி எங்கேருந்து வந்துச்சு, மாத்திரை யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. அதுக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.”

அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன். நேற்று ராத்திரி என்ன ஆத்தா சாப்பிட்டே? “காலையில ஆக்கின சோத்துல தண்ணி ஊத்திக் குடிச்சேன்.” அரிசி? “ரேஷன்ல போடறதுதான்.” பிரஷர் மாத்திரை? “அந்த மருத்துவப் புள்ளை வூட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போகுமே...” (2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரைச் சொல்கிறது.) பையன் கடைசியாக எப்போது வந்தார்? ஆத்தா விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. “ஆடி நோம்பிக்கு... அதுவும் இந்த வருஷத்து ஆடி இல்லை.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை குறையும் இல்லை! அதையே வரி வரியாக எழுதினேன். ‘மகன் உண்டு. திருப்பூரில் தனிக் குடும்பமாக வசிக்கிறார். உணவு: ரேஷன் அரிசி. மருந்து: அரசு.’ அலங்காரம் கிடையாது. இரண்டாவது முறை விசாரணைக்கு வந்தவரும் அந்தக் கேள்விகளையே கேட்டார். கேட்கும்படி நான்தான் வேண்டிக் கொண்டேன். 2024-ல் ஆத்தாவுக்குப் பணம் அனுமதியாயிற்று.

அந்தப் பெண் சொன்ன பிறகுதான், இது திண்ணையில் உட்கார்ந்து செய்கிற புண்ணிய காரியம் அல்ல, படித்துச் செய்ய வேண்டிய தொழில் என்பது என் மண்டையில் ஏறியது. பம்பாயில் 1936-லேயே சமூகப்பணிக்குக் கல்லூரி வந்துவிட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் ஆரம்பித்தார். சிறப்புக் கல்வி, காது கேட்புச் சோதனை, பேச்சுப் பயிற்சி இவற்றில் வேலை பார்க்க முறைப்படி படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1992-ல் சட்டமே போட்டார்கள். ஜப்பானில் 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, ‘கேர் மேனேஜர்’ என்றே ஒரு உத்தியோகத்தை உண்டாக்கினார்கள். ஐந்து வருஷம் அனுபவம் இருந்தால்தான் அந்தப் பரீட்சையே எழுத முடியும். எந்தத் தாத்தாவுக்கு என்ன உதவி, யார் வந்து குளிப்பாட்டுவது, எந்தக் கிழமை என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அங்கே பெண் பார்க்கப் போனால் எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன், தென்காசி பக்கத்தில் ஆய்க்குடிக்குப் போங்கள். 1975-ல் கப்பற்படைத் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் ஆரம்பித்தது அமர் சேவா சங்கம். சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1992-ல் அவரோடு சேர்ந்தவர் எஸ்.சங்கரராமன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். என்ன படித்தவர் தெரியுமா? சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்! கணக்குப் படித்தவனுக்கு அங்கே என்ன ஜோலி என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

சட்டங்களைக் கொஞ்சம் படிக்கவும் ஆரம்பித்தேன். 1995 சட்டத்தில் ஊனத்தின் வகைகள் 7. 2016-ல் வந்த சட்டத்தில் 21. கை நடுங்கும் பார்க்கின்ஸன்ஸ் நோய்கூட அதில் இருக்கிறது. “வயசானா நடுங்கத்தான் செய்யும்” என்று மூலையில் உட்கார வைத்திருக்கும் எத்தனை அப்பச்சிகளுக்கு இது தெரியும்? அவர்களை விடுங்கள், ஆபீஸ் போய் வரும் நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முதியோருக்கு 14567 என்று தேசிய உதவி எண் இருப்பதே எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் தெரிய வந்தது. கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் எப்படியோ உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது!

ஆத்தாவுக்கு முதல் பணம் வந்த அன்று இன்னொரு கூத்து. வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்தார். ஆத்தா கட்டை விரலை வைத்தது. எடுக்கவில்லை. துடைத்து வைத்தது. எடுக்கவில்லை. நான் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். ரேகையே இல்லை. வழவழவென்று, சுவர் மாதிரி. ஐம்பது வருஷம் கடலைக்காய் உரித்த விரல். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரலில் ‘டிங்’ என்று சத்தம் வந்தது. ஆத்தா ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது போலச் சிரித்தது. 1,200-ஐ எண்ணிப் பார்த்து, 200-ஐத் தனியே எடுத்து முந்தானையில் முடிந்தது. “பேரனுக்கு நோட்டு வாங்கோணும்னு சொன்னான்...”

நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாசம் ஒரு போன். குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

“தம்பி, நான்தானுங்... அன்னைக்குப் பஜ்ஜி சாப்பிட்டீங்கல்ல, அந்த வூடு. தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கம்மாளுக்கு ஒரு வருஷமா கை நடுங்குதுங். அதுக்கு ஏதோ சர்ட்டிபிகேட், கார்டு எல்லாம் தர்றாங்களாமே... உங்களுக்குத் தெரியும்னு புரோக்கர் சொன்னாருங்...”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அதே பெஞ்ச். பெண்ணுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டது. உள் அறையில் கட்டிலில் பாட்டி. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் போட்டது இவர்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கை அப்படி நடுங்குகிறது.

“அம்மாளை நாங்க ஒரு குறையும் இல்லாம பார்த்துக்கறோமுங்” என்று ஆரம்பித்தார் அவர்.

“சரிங் மாமா” என்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

“ஆத்தா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”