இரகசியம் யாருக்காக?



அண்மையில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு விவாதம் எழுந்தது. அரசாங்கம் இரகசியம் என்று முத்திரையிட்ட ஓர் ஆவணத்தை நாளிதழ் ஒன்று வெளியிட்டால், அந்த நாளிதழின் மீது வழக்குத் தொடுக்கலாமா? “இரகசியத்தை வெளியே கொடுத்தவனும் குற்றவாளி, அதை அச்சிட்டவனும் குற்றவாளி. இதில் என்ன ஐயம்?” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். பலரும் தலையசைத்தனர். என்னால் உடனே மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. என் பணிக்காலத்தில் நான் கண்ட இரண்டு இரகசியங்களே அதற்குக் காரணம்.

முதலாவது, தேர்வுத்தாள். ‘சூலிட்’ என்ற மலாய்ச் சொல்லை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் இல்லை. தேர்வுத்தாளின் மேற்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சொல் அது. முத்திரையிட்ட உறையை மாணவர்கள் கண்முன்னே பிரிக்கும்போது, அச்சொல்லின் மீது எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. நகரத்துப் பிள்ளையும் தோட்டப்புறப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

2014இல் அந்த நம்பிக்கை உடைந்தது. யுபிஎஸ்ஆர் தேர்வுத்தாள்கள் கசிந்தன. அறிவியல், ஆங்கிலத் தாள்களையும், பின்னர் கணிதம், தமிழ்மொழித் தாள்களையும் மாணவர்கள் மீண்டும் எழுத நேர்ந்தது. ஆசிரியர்கள் சிலர் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். “ஐயா, நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, நாங்கள் ஏன் திரும்ப எழுத வேண்டும்?” என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும், இரகசியம் காக்கப்பட வேண்டும் என்று யாரேனும் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம்தான் என் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது இரகசியம் 2005ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது நான் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆன இளம் ஆசிரியன். கிள்ளான் வட்டாரப் பள்ளியொன்றில் பணி. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் சுமத்திராவிலிருந்து வந்த புகைமூட்டம் ஊரையே மூடியது. பள்ளிக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தோம். காற்றுத் தூய்மைக்கேட்டின் குறியீட்டு எண்கள் அரசாங்கத்திடம் இருந்தன, எங்களிடம் இல்லை. சுற்றுலாத் துறை பாதிக்கப்படும் என்ற அச்சத்தால் 1999 முதல் அந்த எண்கள் அதிகாரத்துவ இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன.

ஒரு காலை, தண்ணீர்த் தொட்டி மங்கலாகத் தெரிந்தது. உடற்கல்விப் பாடத்தை நடத்தியவன் நானே. மூச்சிரைப்பு நோயுள்ள மாணவன் ஒருவன் இரண்டாவது சுற்று ஓடும்போது திடலிலேயே அமர்ந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்திற்கு ஓடினோம். நல்லவேளையாகப் பிழைத்தான். அவனுடைய தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?” என்று மட்டும் கேட்டார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதே மாதத்தில்தான் அரசாங்கம் அந்த இரகசியத்தை விலக்கி, எண்களை வெளியிடத் தொடங்கியது. போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் மூடப்பட்டன.

நண்பர்களே, இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த எண்களை ஒரு நாளிதழ் சில நாள்களுக்கு முன்பே துணிந்து வெளியிட்டிருந்தால், அதன் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்புவது முறையா? என் மாணவனைத் திடலுக்கு அனுப்பாமல் தடுத்திருக்கக்கூடிய செய்தி அல்லவா அது?

நம் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1985இல் செய்தியாளர்கள் இருவர் இச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டபோது, நீதிமன்றம் அபராதம் மட்டுமே விதித்தது. 1986இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் குற்றம் நிறுவப்பட்டால், குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம். ஓர் ஆவணம் இரகசியமானதே என்று அமைச்சரோ உரிய அதிகாரியோ சான்றளித்துவிட்டால், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் இயலாது. பொதுநலன் கருதியே வெளியிட்டேன் என்று வாதாட அச்சட்டத்தில் இடமில்லை. தேர்வுத்தாளுக்கும் காற்றின் எண்ணுக்கும் ஒரே முத்திரை, ஒரே தண்டனை!

ஆசிரியர் அறையில் என் கருத்தை இவ்வாறுதான் கூறினேன். இரகசியத்தைக் காக்கும் கடமை முதலில் அதைக் காப்பதாக உறுதியளித்தவருக்கே உரியது. தேர்வுத்தாளை ஒப்படைக்கப்பெற்ற ஆசிரியர் அதை விற்றால், அவர் தண்டனைக்குரியவர். நாளிதழ் அப்படி எந்த உறுதிமொழியும் அளிக்கவில்லை. எனவே, அது அச்சிட்ட தாளில் முத்திரை இருந்ததா என்று மட்டும் பார்த்தல் போதாது. அச்சிட்டதால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, மக்களுக்கு என்ன நன்மை கிடைத்தது என்பதை ஒரு நீதிபதி எடைபோட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் வினாக்களை அச்சிடும் நாளிதழை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால், வினாத்தாள் கசிந்துவிட்டது என்ற செய்தியை அச்சிடும் நாளிதழுக்கு நன்றி கூறுவேன். இரண்டும் ஒன்றல்ல.

“தீங்கு நேர்ந்த பிறகு நீதிபதி எடைபோட்டு என்ன பயன்?” என்று மூத்த ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லை காக்கும் வீரர்களின் இருப்பிடத்தை ஒரு நாளிதழ் வெளியிட்டால், இழந்த உயிரை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. ஆகவேதான் வழக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான தீங்கிற்குத் தண்டனை இருக்கட்டும். முத்திரையை மீறியதற்காக மட்டும் தண்டனை வேண்டாம் என்கிறேன். மறைத்ததால் நேரும் தீங்கையும் யாரும் மீட்டுத் தர முடியாதல்லவா?

அவர் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, “அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?” என்று கேட்டார். நலமாக இருக்கிறான். சென்ற ஆண்டு தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கும் முன் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தான். புகைமூட்டக் காலத்தில் இப்போது நானும் அவனும் கைப்பேசியிலேயே அந்த எண்ணைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது இரகசியம் என்று சொன்னால் அவன் மகள் நம்பப்போவதில்லை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்கள் எண்ணம் என்ன? எழுதுங்கள், சேர்ந்து சிந்திப்போம்.