மூன்று திருகாணிகள்

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவிலே கித்தார் செப்பனிடும் பெரியவர் ஒருவர் உண்டு. பழைய ‘ஃபெண்டர்’ ஒன்றை வாங்க என் மகன் துடித்தபோது, “எந்த வருஷத்துச் சரக்கு, தம்பி?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். அவ்வினாவுக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

லியோ ஃபெண்டர் வானொலி பழுதுபார்த்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர்! கலிபோர்னியாவில் 1946இல் தம் பெயரால் நிறுவிய தொழிலை, உடல்நலம் குன்றவே, 1965இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். உற்பத்தி பெருகிற்று, வேலைத்திறம் தேய்ந்தது. 1971இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரின் கழுத்தை உடலோடு பிணைத்த நான்கு திருகாணிகள் மூன்றாயின. கழுத்து அசைகிறதென்று வாசிப்போர் நொந்தனர். பழி திருகாணிமேல் விழுந்தது.

என்னால் அதை ஏற்க இயலவில்லை. அந்த அமைப்பை வகுத்தவரே லியோதான். விற்றபின் ஆலோசகராயிருந்த காலத்தில் வகுத்தார். 1976இல் மியூசிக் மேன் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ஸ்டிங்ரே பேஸ் கித்தாரிலும் அதே மூன்று திருகாணிகள்தாம். அதனைக் கலைஞர்கள் போற்றினர். மரத்தில் குடைந்த பள்ளத்தில் கழுத்து இறுகப் பொருந்தினால் மூன்றே போதும். அவசரத்தில் குடைந்தால் முப்பதும் போதா. நம்மூர்த் தச்சரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

1985இல் வில்லியம் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியரும் முதலீட்டாளரும் நிறுவனத்தை மீட்டனர். தரமும் மெல்லத் திரும்பிற்று. லியோ திரும்பவில்லை. 1991இல் மறையும்வரை, தம் பெயரைத் தாங்கிய ஆலைக்கு வெளியே, ஜி அண்ட் எல் பட்டறையில் கித்தார் செய்துகொண்டிருந்தார்.