‘நல்ல நிறம்’
‘ட்ரூ பியூட்டி’ (2020) என்னும் கொரியத் தொடரின் மூலப்பெயருக்குத் தேவி இறங்கி வருதல் என்று பொருள். முகப்பருக்களுக்காகப் பள்ளியில் வதைபட்ட ஜூ-கியங், ஒப்பனை பயின்று புதிய பள்ளியில் தேவியாகிறாள். ஒப்பனையற்ற முகத்தைக் கொரியர் ‘செங்ஒல்’ என்பர். பச்சை முகம், பச்சைக் காய் என்பதுபோல. காதலன் சூ-ஹோ அம்முகத்தையே முதலில் கண்டவன். கதையின் நேர்மையான பகுதி அதுதான். (அழகிய நடிகைக்குப் பருக்களை ஒட்டிக் காட்டியது வேறு கதை.)

பீன்யாவின் ஆயத்த ஆடை ஆலைகளுக்குச் செல்லும் தமிழ்ப் பெண்களுக்கு ஜூ-கியங்கின் அச்சம் புரியும். அவளுடைய தீர்வு உதவாது. பரு ஆறிவிடும். தமிழில் ‘பெண் நல்ல நிறம்’ என்றாலே சிவப்பு என்று பொருள். கறுப்பு, நிறக் கணக்கிலேயே சேராது; அது ‘நிறம் கம்மி’. ‘மாநிறம்’ என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொள்ளும் சமரசம்.

1975 முதல் விற்பனையான ‘ஃபேர் அண்ட் லவ்லி’, அதே 2020இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லைக் கைவிட்டது. ‘நிறம்’ என்னும் சொல்லுக்கு அவ்வாறு உரிமையாளர் எவருமில்லை. பெண் பார்க்க வருவோர் இன்றும் ஊர், படிப்பு, சம்பளம் விசாரித்தபின் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர்: “பொண்ணு நிறமா இருக்குமா?”